சிகரெட்டை விட்டவருக்கு மாத்திரையை ஏன் குறைக்கிறார்கள்? தீவிர மனநோயும் புகைத்தலும்: ஒரு விளக்கம்

உளநலக் கிளினிக்கில் பல ஆண்டுகளாக மருந்து எடுத்துவரும் ஒருவர், வீட்டார் வற்புறுத்தியோ தாமாக மனம் வைத்தோ சிகரெட்டை நிறுத்துகிறார். ஒரு வாரம் ஆவதற்குள் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், வாயிலிருந்து நீர் வடிகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. கிளினிக்குக்கு அழைத்துச் சென்றால் வைத்தியர் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதுகிறார். நோய் குறைந்துவிட்டதால் மருந்தைக் குறைத்தார்களா, அல்லது சிகரெட்டை விட்டதால் நோய் கூடி இந்த மயக்கம் வந்ததா என்று தெரியாமல் குடும்பத்தினர் குழம்புகிறார்கள். பல வீடுகளில் இந்தக் குழப்பத்தின் முடிவு, “அந்த மனுசனைப் புகைக்க விடுங்கள், இல்லாவிட்டால் வருத்தம் கூடிவிடும்” என்பதாகவே அமைகிறது.

இரண்டு ஊகங்களும் தவறு. மாற்றம் நடந்திருப்பது நோயில் அல்ல, ஈரலில். அது எப்படி என்பதை விளங்கிக்கொண்டால், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உளநலக் கிளினிக்குகளுக்கு வந்துபோகும் பல குடும்பங்கள் தேவையற்ற அச்சத்திலிருந்து விடுபடலாம். உண்மையில் அஞ்ச வேண்டிய இடத்தில் உரிய நேரத்தில் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

தீவிர மனநோய் என்பதும் அதன் உயிரிழப்பும்

உளப்பிளவை நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு, அன்றாட வாழ்வையே முடக்கிவிடும் கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றை மருத்துவத்துறை ‘தீவிர மனநோய்’ என்று ஒருசேரக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டு நூல்களில் மனச்சிதைவு என்று எழுதப்படுவதும் இங்கே உளப்பிளவை என்று எழுதப்படுவதும் ஒரே நோய்தான்.

இந்நோய்கள் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைக் கேட்டவுடன் தற்கொலைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதுவும் ஒரு காரணமே. ஆனால் இந்த இறப்புகளில் பெரும்பகுதி மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய், புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றால் நிகழ்கிறது. பல நாடுகளில் தீவிர மனநோய் உள்ளவர்களிடையே புகைப்பவர்களின் விகிதம் பொதுமக்களிடையே உள்ளதைப்போல இரண்டு மூன்று மடங்காக இருக்கிறது. நமது பகுதியில் பெண்கள் சிகரெட் புகைப்பது அரிது என்பதால், இந்தச் சுமையை ஏறக்குறைய முழுவதாக ஆண்களே சுமக்கிறார்கள். மனநோயைக் கட்டுப்படுத்த மாதந்தோறும் மருந்தும் ஊசியும் கொடுத்து ஒருவரைக் காப்பாற்றிவிட்டு, ஐம்பது வயதில் அவரை மாரடைப்புக்குப் பறிகொடுப்பதைச் சிகிச்சையின் வெற்றி என்று சொல்ல முடியாது.

இவர்கள் ஏன் கூடுதலாகப் புகைக்கிறார்கள்

காரணம் ஒன்றல்ல.

1. உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கொட்டின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை அடைந்து, அங்கே டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. சிதறும் கவனம் சிறிது நேரம் ஒருமுகப்படுகிறது.

2. சில மனநோய் மருந்துகள் கைகால் விறைப்பையும் மந்தத்தையும் தருகின்றன. புகைத்தால் அவை சற்றுத் தணிகின்றன.

3. வேலையும் வருமானமும் இல்லாதவருக்கு நாள் மிக நீளமானது. அந்த நாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கடத்த உதவும் நேரசூசியாகச் சிகரெட் ஆகிவிடுகிறது. சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீயும் ஒரு தனிச் சிகரெட்டும் வாங்குவதே பலருக்கு வெளியுலகத்தோடு மிஞ்சியிருக்கும் ஒரே உறவு. விடச் சொல்பவர்கள் இந்த மூன்றாவது காரணத்தை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

4. வரலாறும் இதற்குப் பொறுப்பு. பல நாடுகளின் மனநோய் மருத்துவமனைகளில் நல்ல நடத்தைக்குப் பரிசாகச் சிகரெட் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உளப்பிளவை நோயாளிகளுக்குப் புகைத்தல் ஒரு மருந்துபோல உதவுகிறது என்ற கருத்தைப் பரப்பிய ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்கள் நிதி கொடுத்ததை, அந்நிறுவனங்களின் உள்ளக ஆவணங்களைக் கொண்டே 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

‘சிகரெட் மனதை ஆற்றுகிறது’ என்ற நம்பிக்கையின் உள்ளே ஒரு பொறி இருக்கிறது. இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையும்போது எரிச்சலும் பதற்றமும் மனச்சோர்வும் தலைதூக்குகின்றன. அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்ததும் அவை அடங்குகின்றன. புகைப்பவரும் வீட்டாரும் இதை நோய் ஆறியதாக எண்ணுகிறார்கள். ஆறியது முந்திய சிகரெட் உண்டாக்கிய தவிப்பு மட்டுமே. மனநோயின் குறிகளும் நிக்கொட்டின் தவிப்பின் குறிகளும் ஒன்றுபோலத் தோன்றுவதால், இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் எளிதல்ல.

புகை மருந்தை விழுங்கும் விதம்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கான விடை இதில் இருக்கிறது. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. நாம் விழுங்கும் மருந்துகளை உடலிலிருந்து அகற்ற ஈரலில் பல நொதியங்கள் (என்சைம்கள்) வேலை செய்கின்றன. அவற்றுள் ஒன்று சைட்டோகுரோம் 1ஏ2.

2. எதை எரித்தாலும் வரும் புகையில் பல்வளைய ஐதரோகாபன்கள் என்ற பொருட்கள் இருக்கும். அவை ஈரலை அடைந்ததும் இந்த நொதியம் வழக்கத்தைவிட அதிகமாக உற்பத்தியாகிறது.

3. குளோசபின், ஒலன்சபின் ஆகிய மருந்துகளை அகற்றும் பெரும்பங்கு இதே நொதியத்துடையது. ஆகவே புகைப்பவரின் உடலில் இம்மருந்துகள் விரைவாகக் கரைந்துவிடுகின்றன. அதே பலனைப் பெற அவருக்குக் கூடுதலான மாத்திரை தேவைப்படுகிறது. வைத்தியரும் பலனைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டியிருப்பார்.

4. நாளொன்றுக்கு 7 முதல் 12 சிகரெட் புகைப்பதே இந்த நொதியத்தை ஏறக்குறைய உச்சத்துக்குத் தூண்டப் போதுமானது. ஆகவே 30 சிகரெட்டிலிருந்து 15க்கு இறங்கியவருக்கு மருந்தளவில் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை; 10இலிருந்து பூச்சியத்துக்கு இறங்கியவருக்கே ஏற்படுகிறது.

5. புகைத்தலை முற்றாக நிறுத்தியதும் தூண்டுதல் நின்று, சில நாட்களிலேயே நொதியம் இயல்பு நிலைக்கு இறங்கத் தொடங்குகிறது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் குளோசபினின் அளவு ஒன்றரை மடங்கு ஆகலாம். சிலரில் அதையும் தாண்டலாம்.

6. இதன் விளைவே தூக்கம், வாய்நீர் வடிதல், தலைச்சுற்று, கடும் மலச்சிக்கல், வேகமான இதயத்துடிப்பு. இன்னும் உயர்ந்தால் குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். குளோசபின் எடுப்பவருக்கு வரும் மலச்சிக்கலைச் சிறிய விடயமாக ஒருபோதும் எடுக்கக் கூடாது. குடல் அசைவு நின்று உயிரையே பறித்த சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன.

ஆகவே புகைத்தலை நிறுத்தும் வாரத்தில் குளோசபின், ஒலன்சபின் ஆகியவற்றின் அளவை ஏறக்குறைய 25 வீதம் குறைப்பது வழக்கமான வழிகாட்டல். 400 மில்லிகிராம் குளோசபின் எடுத்தவர் 300 மில்லிகிராமுக்கு வருவார். அதன்பின் அறிகுறிகளையும், வாய்ப்பிருந்தால் இரத்தத்திலுள்ள மருந்தின் அளவையும் பார்த்து மேலும் திருத்துவார்கள். இந்தக் கணக்கை வைத்தியர் மட்டுமே போட வேண்டும். வீட்டில் தாமாக ஒரு மாத்திரையைக் குறைத்துக்கொள்வதும் மாத்திரையை அடியோடு நிறுத்திவிடுவதும் நோயைக் கிளறிவிடும்.

எல்லா மருந்துகளும் இப்படி அல்ல. ஹலோபெரிடோல், குளோர்புரோமசின், மாதாந்த ஊசியாகப் போடப்படும் புளூபெனசின் ஆகியவற்றில் விளைவு உண்டு, ஆனால் குறைவு. ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல், வல்புரோயேட் ஆகியவற்றின் அளவைப் புகைத்தல் குறிப்பிடத்தக்க வகையில் மாற்றுவதில்லை. எனவே கிளினிக் கொப்பியில் எந்த மருந்தின் பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பதே முதல் வேலை.

அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படும் சில விடயங்களும் உள்ளன. நொதியத்தைத் தூண்டுவது புகையே, நிக்கொட்டின் அல்ல. நிக்கொட்டின் ஒட்டுத்தாளை உடலில் ஒட்டியிருந்தாலும், நிக்கொட்டின் சூயிங்கம் மென்றாலும், புகை நின்றுவிட்டால் நொதியம் இறங்கத்தான் செய்யும். சிகரெட்டை விட்டு வெற்றிலைக்கு மாறி, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைத் துண்டையும் சேர்த்து மெல்லத் தொடங்கியவருக்கும் இதே கதைதான். அதோடு, இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்றான வாய்ப்புற்றுநோயின் வாசலுக்கும் அவர் போய்விடுகிறார். புகையிலை சேர்க்காத பாக்குமே புற்றுநோயை உண்டாக்கும். மறுபுறம், பீடியும் சுருட்டும் சிகரெட்டைவிட ‘இயற்கையானவை’ என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அவற்றின் புகையிலும் அதே பொருட்கள் உள்ளன. கஞ்சாப் புகையும் இந்த நொதியத்தைத் தூண்டும்; அதற்கும் மேலாக நோயையே நேரடியாகத் தூண்டும்.

தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீனை அகற்றுவதும் இதே நொதியமே. புகைத்தலை நிறுத்தியவர் பழையபடி நாளுக்கு ஏழெட்டுத் தேத்தண்ணி குடித்தால், அதன் தாக்கம் கூடி, தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் வரும். வீட்டார் அதை நோய் மீள்வதாக எண்ணுவார்கள். தேத்தண்ணியைப் பாதியாகக் குறைப்பது நல்லது. ஆனால் இருதுருவக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் மட்டும் திடீரென்று குறைக்கக் கூடாது. கஃபீன் குறைந்தால் சிறுநீரகம் வெளியேற்றும் லித்தியமும் குறைந்து, இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும்.

வார்டுக்கும் வீட்டுக்கும் இடையில்

மேலே சொன்ன கணக்கு எதிர்த்திசையிலும் நடக்கும். அது கண்ணுக்குப் படாமல் நடப்பதால் தீங்கும் கூடுதல். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி வைத்தியசாலைகளில் புகைப்பது தடை. நோய் முற்றி வார்டில் சேர்க்கப்பட்டவர் அன்றிலிருந்து புகைப்பதில்லை, அல்லது மிகக் குறைவாகவே புகைக்கிறார். புகை இல்லாத அந்த உடலுக்குப் பொருத்தமான அளவு மருந்தை மூன்று நான்கு வாரங்களில் வைத்தியர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அவர் தெளிந்து வீடு திரும்புகிறார். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே சிகரெட் கிடைக்கிறது.

அடுத்த சில வாரங்களில் நொதியம் மீண்டும் ஏறுகிறது. மருந்தின் அளவு இறங்குகிறது. நோயின் அறிகுறியான, இல்லாத குரல்கள் மீண்டும் கேட்கத் தொடங்குகின்றன. “வார்டில் நல்லா இருந்தவர், வீட்டுக்கு வந்ததும் குழம்பிட்டார்” என்று குடும்பம் சொல்கிறது. மாத்திரையை ஒளித்து எறிந்துவிட்டார் என்று அவர்மீது பழியும் விழுகிறது. அவர் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியிருக்கலாம். இந்த அநியாயப் பழி பல வீடுகளில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இடையிலான நம்பிக்கையை உடைத்துவிடுகிறது என்பதால், வார்டிலிருந்து அனுப்பும் நாளிலேயே “வீட்டில் புகைப்பீர்களா?” என்று குற்றஞ்சாட்டாத குரலில் கேட்டு, விடையைக் கொப்பியில் எழுதும் வழக்கம் எல்லா உளநலப் பிரிவுகளிலும் வர வேண்டும்.

புகைத்தலை விட்டால் மனம் உடைந்துவிடுமா

இந்த அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கக்கேடும் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அதற்குப் பிந்திய நிலையைப் பற்றி, 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான பகுப்பாய்வு, புகைத்தலை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மனவழுத்தமும் குறைந்திருந்ததைக் கண்டது. மனநோய் உள்ளவர்களிடமும் முடிவு அவ்வாறே இருந்தது.

புகைத்தலை விட உதவும் மருந்துகளைப் பற்றிய அச்சத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. வரெனிக்கிளின், புப்ரோபியன் ஆகிய இரண்டும் மனநிலையைக் குழப்பக்கூடும் என்று 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. அதைச் சோதிக்க 16 நாடுகளில் 8,144 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஈகிள்ஸ் ஆய்வு 2016இல் வெளியானது. பங்கேற்றவர்களில் பாதிப்பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள். அவர்களில் மிதமான அல்லது கடுமையான மனநிலைப் பாதிப்பு ஏற்பட்டோர் வரெனிக்கிளின் எடுத்தவர்களில் 6.5 வீதம், புப்ரோபியன் எடுத்தவர்களில் 6.7 வீதம், நிக்கொட்டின் ஒட்டுத்தாள் பயன்படுத்தியவர்களில் 5.2 வீதம், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 4.9 வீதம். புள்ளியியல் முறைப்படி இவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒன்பதாம் வாரத்திலிருந்து இருபத்துநான்காம் வாரம்வரை இடைவிடாமல் புகைக்காதிருந்தோர் வரெனிக்கிளின் குழுவில் 18.3 வீதம், போலி மாத்திரைக் குழுவில் 8.3 வீதம். அதே ஆண்டு டிசம்பரில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் மனச்சோர்வு போன்ற மனநிலை நோய்கள் உள்ளவர்கள். உளப்பிளவை நோயாளிகள் சிறுபகுதியினர். முடிவை வாசிக்கும்போது இந்த வரையறையையும் மனதில் கொள்ள வேண்டும்.

எந்த உதவி, யாருக்கு

நிக்கொட்டின் ஒட்டுத்தாள் நாள் முழுவதும் சீராக நிக்கொட்டின் தருகிறது. திடீர்த் தவிப்புக்குச் சூயிங்கம் கைகொடுக்கிறது. ஒன்றைத் தனியே பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது அதிக பலன் தருகிறது. சூயிங்கத்தைத் தொடர்ந்து மெல்லாமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணீர், சோடா, கோப்பி ஆகியவற்றைக் குடித்தவுடன் மென்றால் நிக்கொட்டின் சரியாக உறிஞ்சப்படாது. புப்ரோபியன் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவதால் வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. குளோசபினும் அவ்வாய்ப்பைக் கூட்டுவது என்பதால் அதை எடுப்பவருக்கும் பொருத்தமற்றது. இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு மிகைக் கிளர்ச்சியைத் தூண்டக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கொட்டின் மாற்று மருந்துகள் 2009இலும், வரெனிக்கிளினும் புப்ரோபியனும் 2021இலும் சேர்க்கப்பட்டன.

மருந்து பாதிதான். இங்கிலாந்தில் தீவிர மனநோய் உள்ள 526 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட சிமிட்டார் பிளஸ் ஆய்வில், பயிற்சி பெற்ற உளநலப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றார்கள். ஒரே நாளில் விடும்படி கட்டாயப்படுத்தாமல், முதலில் குறைத்து, பிறகு விடவைத்தார்கள். தவறியவரிடம் மறுபடியும் போனார்கள். மருந்தளவை மாற்ற வைத்தியருக்கு அறிவித்தார்கள். ஆறாம் மாதத்தில் இந்த உதவி பெற்றவர்களில் 14 வீதமும் வழக்கமான சேவை பெற்றவர்களில் 6 வீதமும் புகைத்தலை விட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் அது 15, 10 என்று நெருங்கிவிட்டது. அதாவது ஆதரவு நின்ற பிறகு பலனும் தேய்கிறது.

கிழக்கில் இதற்கான அடித்தளம் ஓரளவு இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் உருவான 2005ஆம் ஆண்டு உளநலக் கொள்கை, சிகிச்சையைக் கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை மனநல மருத்துவமனையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் நோக்குடையது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும் ஆதார வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்கும் மக்கள் மாதந்தோறும் வருகிறார்கள். குளோசபின் தொடங்கியவர் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வரும் ஒருவரைப் புகைத்தலுக்கென்று தனியான ஒரு கிளினிக்குக்கும் வரச் சொன்னால் அவர் வரமாட்டார். ஏற்கெனவே வந்து நிற்கும் அந்த வரிசையிலேயே, ஊசி போடும் அந்த மேசையிலேயே இந்தப் பேச்சும் நடக்க வேண்டும் என்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. புகைத்தலை விட ஆலோசனைக்கு 1948, உளநல உதவிக்கு 1926 ஆகிய இலக்கங்களும் உள்ளன.

வீட்டார் செய்யக்கூடியவற்றில், சிகரெட்டைப் பறித்து ஒளித்து வைப்பது மிக மோசமான வழி. சிகரெட் தனியாகவும் விற்கப்படுவதால், நாளொன்றுக்கு எத்தனை என்று அவரோடு சேர்ந்து எழுதி, வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைப்பது சாத்தியமே. காலியாகும் நேரத்துக்கு ஒரு வேலை வேண்டும்: தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது, வலை பின்னுவது, சந்தைக்குத் துணையாகப் போவது. புகைத்தலை விட்டவர்களின் எடை முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடும். குளோசபினும் ஒலன்சபினும் தாமே எடையையும் இரத்தத்திலுள்ள சீனியையும் கூட்டுவன என்பதால் நடையும் உணவும் கவனிக்கப்பட வேண்டும்.

விரதமும் நோன்பும்

இந்தப் பகுதியில் பலர் புகைத்தலை நிறுத்துவது வைத்தியரின் சொல்லால் அல்ல, விரதத்தால். அது வலிமையான தொடக்கம். ஆனால் கிளினிக்குக்குத் தெரியாமல் நடக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரைக்கு மாலை போட்டு ஒரேயடியாகப் புகைத்தலை விட்டவர், உகந்தையைத் தாண்டிக் குமண, யால காடுகளுக்குள் நடக்கும் நாட்களில், அவரது இரத்தத்தில் குளோசபின் ஏறிக்கொண்டிருக்கலாம்; அங்கே வைத்தியசாலை இல்லை. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ரமழானில் பகல் முழுவதும் புகைக்காமல் இரவில் ஈடுசெய்பவருக்கு நொதியம் பெரிதாக மாறாது. நோன்போடு முழுவதுமாக விட்டுவிடுபவருக்கு மாறும். அத்தோடு மாத்திரை எடுக்கும் நேரங்களும் நோன்புக்காக மாற்றப்படுகின்றன. இருவரும் விரதமோ நோன்போ தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கிலேயே இதைச் சொல்லி, மருந்தளவையும் நேரத்தையும் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

விரதம் முடிந்து மீண்டும் புகைக்கத் தொடங்கியவர் வெட்கத்தால் அதை மறைக்கிறார். குறைத்த அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால் நோய் திரும்பும். ஆகவே நிறுத்திய திகதி, மீண்டும் தொடங்கிய திகதி ஆகிய இரண்டையும் கிளினிக் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். மருந்தளவை மீண்டும் உயர்த்தவும், அடுத்த முறை அவர் நிறுத்தும்போது எத்தனை மில்லிகிராமுக்கு இறக்கலாம் என்று தீர்மானிக்கவும் வைத்தியருக்கு அந்தத் திகதிகள் தேவை.